மீட்டரைப் பார்த்துக் கொடுக்காதீங்க, கார்டைப் பார்த்துக் கொடுங்க

நிலக்கரி, பெட்ரோல், காஸ் எரித்து வரும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் (கார்பன் விலை) வைத்து, அந்தப் பணத்தை வீடுகளுக்கே திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், முதலில் வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒண்டுக்குடித்தன வீடுகளின் வாசல் சுவரைப் பாருங்க. ஈபி மீட்டர் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதுக்குக் கீழே ஓனர் மாட்டிய சப் மீட்டர் நாலைந்து. இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது மேலே இருக்கும் மீட்டருக்குத்தான். குடித்தனக்காரர் முதல் யூனிட்டிலிருந்தே ஓனர் சொல்லும் ரேட்டைக் கட்டுகிறார். ஐந்து குடும்பமும் ஒரே சர்வீஸ் நம்பரில் ஓடினால் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும், ஸ்லாபும் ஏறும், அதுவும் குடித்தனக்காரர் தலையில்தான்.

கார்பனுக்கு விலை வைக்கணும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வல்லூரும் வடசென்னை அனல் மின் நிலையமும் கக்கும் புகையும், கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலும் எண்ணூர்க்காரர்களுக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுவரை மறந்துவிட்டு வைத்தால் ஏழைதான் முதலில் அடி வாங்குவார்.

டன்னுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, அதாவது 35 காசு. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட், 45 நாளுக்கு ஒரு சிலிண்டர், பைக்குக்கு மாதம் 10 லிட்டர் பெட்ரோல் என்று ஓடும் வீட்டுக்கு மாதம் 57 ரூபாய் கூடும். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட்டும், அதே சிலிண்டரும், காருக்கு மாதம் 60 லிட்டரும் ஆகிற வீட்டுக்கு 240. இரண்டையும் கூட்டிச் சரிபாதியாகத் திருப்பினால் வீட்டுக்கு 148. முதல் வீட்டுக்கு 90 ரூபாய் மிச்சம். மீன், காய்கறி, தண்ணீர் லாரி என்று டீசல் வழியா மறைமுகமா ஏறுவதையும் இந்த மிச்சம்தான் தாங்கணும்.

இதே பணத்தை கரண்ட் பில்லில் கழித்தால் ஓனரோடு நின்றுவிடும். 35 காசு ஏறினால் அவர் ஒரு ரூபாய் ஏற்றுவார், கேட்க ஆளில்லை. அதனால் ரேஷன் கார்டில் உள்ள தலைகளை எண்ணிக் கொடுக்கணும். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட் வரம்பு வைத்தது மாதிரி இதில் வைக்கவே கூடாது. ஒரே சர்வீஸ் நம்பரில் இருக்கும் ஐந்து குடும்பமும் அடிபட்டுப் போகும்.

வங்கியில் போடுவதிலும் ஒரு சிக்கல். ஆதார் வழியா வரும் பணம், கடைசியா எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தோமோ அங்கே போய் விழும். எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் பணம் கிடக்க, வீட்டில் வரவே இல்லை என்பார்கள். டோக்கன் கொடுத்துப் பொங்கல் பணத்தை ரேஷன் கடையில் கையில் கொடுத்துப் பழகிய மாநிலம் இது. புகார் வருகிற கார்டுகளுக்காவது அந்த வழியைத் திறந்து வைக்கணும். கனடாவில் பணம் கணக்கில் விழுந்தும், அது எதற்கான பணம் என்று பலருக்குத் தெரியவில்லை. எதிர்ப்பு வளர்ந்து, 2025 ஏப்ரலில் மக்கள் கட்டிய எரிபொருள் கார்பன் கட்டணத்தையே நிறுத்திவிட்டார்கள். என்ன பணம், எவ்வளவு என்று தமிழில் எஸ்எம்எஸ் போகணும்.

இன்னொன்று, எவ்வளவு திரும்பி வரும் என்பது சட்டத்திலேயே இருக்கணும். நிலக்கரிக்கு 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய செஸ் (தனி வரி) 2016-ல் 400 ஆனது. அடுத்த வருஷமே, மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸாக மாறியது. கரண்ட் பில் கட்டிய வீடுகளுக்கு ஒரு பைசா திரும்பவில்லை. சிலிண்டர் மானியமும் 2020-ல் பெரும்பாலான வீடுகளுக்குச் சத்தமில்லாமல் நின்றுபோனது.

மணலி, திருவொற்றியூரில் வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளிகள் பலருக்கு இங்கே கார்டு இல்லை, பாரிமுனை நடைபாதைக் குடும்பங்கள் பலவற்றிடம் எந்தக் கார்டும் இல்லை. அவர்களைப் பதிவு செய்யும் முகாம் முதலில், முதல் தவணை அடுத்து, விலையேற்றம் அதற்குப் பிறகு. தினக்கூலி வீட்டில் இரண்டு மாதம் கழித்து வரும் பணத்துக்கு இடைப்பட்ட வட்டியைத் தண்டல்காரர்தான் வாங்கிப்போவார்.