அடர்த்தி சரி, தெருவையும் கொஞ்சம் பாருங்கள்

நகரத்தில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்தால் அவர்கள் நடந்துபோவது தானாகவே கூடிவிடும் என்கிறது மக்கள் அடர்த்தி பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி.

ஐந்து நிமிட நடை என்றால் சுமார் 400 மீட்டர். வீட்டைச் சுற்றி அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போட்டால் அரை சதுர கிலோமீட்டர் வரும். பாரிஸ் மாதிரி சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20,000 பேர் இருந்தால், வட்டத்துக்குள் 10,000 பேர். மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், தொடக்கப்பள்ளி எல்லாம் தாக்குப்பிடிக்கும். சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேர்தான் என்றால் வட்டத்துக்குள் வெறும் ஆயிரம் பேர், கடை எப்படி ஓடும்? (பாரிஸில் பெரும்பாலும் ஆறேழு மாடிக் கட்டடங்கள்தான். அடர்த்தி என்றதும் வானளாவிய கோபுரங்களை நினைக்க வேண்டியதில்லை.)

ஆக, அடர்த்தி போகிற இடத்தை அருகில் கொண்டுவரும். போய்ச் சேர்வது தெருவைப் பொறுத்தது. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகர மையத்தில் சுமார் 60 மீட்டருக்கு ஒரு தெருமுனை வந்துவிடும். சால்ட் லேக் சிட்டியின் மையத்தில் சுமார் 200 மீட்டர். எதிர்ச்சாரிக்குப் போக அவ்வளவு தூரம் சுற்றுவதென்றால் யாருக்குமே கால் எழாது.

அப்புறம் சிக்னல். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார். 18 மீட்டர் சாலையைக் கடக்க அவருக்கு 22 நொடிக்கு மேல் ஆகும். நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்குப் போட்டு வைத்த சிக்னல் 15 நொடியில் மாறிவிடும். நடுச்சாலையில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். இத்தனைக்கும் நாங்கள் இருப்பது நெருக்கமான பகுதிதான், மருந்துக்கடை எதிர்ச்சாரியிலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் அங்கே நான் மட்டும்தான் போய் வருகிறேன்.