விசில் ஒலித்த பின்பும் நடுவர் அட்டை காட்டலாம்

‘விசில் ஊதிய பிறகு நடக்கும் மோதலுக்குக் கால்பந்து நடுவர் அட்டை காட்ட முடியாது’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது. கால்பந்து விதிகளை வகுக்கும் பன்னாட்டுக் கால்பந்து சங்க வாரியத்தின் இணையதளத்தில் உள்ள 5, 12ஆம் விதிகளைப் படித்தால், ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சோதிக்க நுழைவது முதல் ஆட்டம் முடிந்து வெளியேறும் வரை ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்பது தெளிவாகும். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது நடந்த குற்றத்துக்குப் புதிதாக ஃப்ரீ கிக்கோ பெனால்டியோ கிடையாது. குழப்பம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் சிமியோனே இடித்ததில் குப்புற விழுந்த இங்கிலாந்தின் பெக்காம், அதற்கு விசில் ஒலித்த பின் படுத்தபடியே காலை உயர்த்தி அவரை உதைத்தபோது, நடுவர் கிம் மில்டன் நீல்சன் சிவப்பு அட்டை காட்டினார். பயிற்சிக்கு வரும் சிறுவர்கள் நம்பிவிடக்கூடிய அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.