பொண்ணு ரெண்டு வயசு மூத்தவளா? அதுக்கு ஏன்யா ஜாதகத்தைத் திருத்துறீங்க?

லவ் பண்ற வரைக்கும் உறுத்தாத வயசு, வீட்ல பேச்செடுக்குற வாரத்துல திடீர்னு பையனுக்கு உறுத்தும். அவன் 1995, அவ 1993. "எங்கம்மாகிட்ட 96ன்னு சொல்லிடு, கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." என்னத்தைப் பாத்துப்ப?

ஜாதகத்துல வருஷத்தை மாத்துறது ரேஷன் கார்டுல இனிஷியலைத் திருத்துற வேலை இல்ல. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ரெண்டரை வருஷம், குருவுக்குச் சுமார் ஒரு வருஷம். மேல 96னு எழுதிட்டு கட்டத்துல 93ஓட சனியும் குருவும் உட்கார்ந்திருந்தா, சுமாரான ஜோசியர்கூட கண்டுபிடிச்சிடுவார். சரி, 96க்கே புதுசா கணிச்சுக்கலாமா? அதே தேதி, அதே நேரம் போட்டாலும் நட்சத்திரமே வேறயா வந்து நிக்கும். பொருத்தம் பார்க்குறதே பொண்ணு நட்சத்திரத்தை வெச்சுத்தானே? எவளோ ஒருத்திக்குப் பொருத்தம் பார்த்துட்டு இவ கழுத்துல தாலி கட்டுவீங்களா?

இத்தனைக்கும் வழக்கமா பார்க்குற பத்துல, தினம், கணத்துலேர்ந்து ரஜ்ஜு, வேதை வரைக்கும், வயசுன்னு ஒரு பொருத்தமே கிடையாது. சட்டம் கேக்குறது பொண்ணுக்கு 18, பையனுக்கு 21. யார் மூத்தவங்கன்னு கேக்கல. பத்திரிகையிலகூட வயசு அடிக்குறதில்ல!

ஆனா பதிவு அலுவலகத்துல வயசுச் சான்று கேப்பாங்க. தமிழ்நாட்டுல கல்யாணமான 90 நாளுக்குள்ள பதியணும். டென்த் மார்க் ஷீட்டோ பாஸ்போர்ட்டோ மேசைக்கு வந்ததும், பக்கத்துல நிக்குற நாத்தனார் ஒரு பார்வை பார்ப்பா பாருங்க. அன்னைக்குப் பொய்க்காரி பட்டம் அவளுக்குத்தான். யோசனை சொன்ன மகராசன் போனை நோண்டிக்கிட்டிருப்பான்.

இதைவிட ஆபத்து ஆஸ்பத்திரியில. கர்ப்பத்தோட 11லேர்ந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள என்.டி. ஸ்கேனும் (குழந்தையோட கழுத்துக்குப் பின்னாடி இருக்குற நீரை அளக்குறது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுக்குறப்போ, குரோமோசோம் கோளாறுக்கான வாய்ப்பைத் தாயோட வயசையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுறாங்க. மாமியார் கூட வந்திருக்காங்கன்னு மூணு வயசைக் குறைச்சுச் சொன்னா, ரிப்போர்ட்ல ஆபத்து குறைவாக் காட்டும். 35ஐ ஒட்டி இருக்குறவங்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்ல. குழந்தை தள்ளிப்போனாலும் முதல் ஊசி அவளுக்குத்தான், "வயசாயிடுச்சுல்ல"ன்னு. விந்து வெளியேறாம ரெண்டுலேர்ந்து ஏழு நாள் இடைவெளி விட்டு அவன் ஒரு விந்துப் பரிசோதனை கொடுக்க மாட்டானாம், இளவட்டமாம்!

சச்சினைவிட அஞ்சு வயசுக்கு மேல மூத்தவங்க அஞ்சலி. 1995லயே கல்யாணம் ஆச்சு. டிவியில பார்த்துக் கைதட்டுன அதே சித்தப்பாதான் சொந்த வீட்டுக்கு வந்ததும் "அக்கா மாதிரி இருக்கே"ம்பார்.

நிஜமாவே பேச வேண்டிய தகராறு வேற இருக்கு. அவ சம்பளம் அதிகம், வாடகைக்கு அட்வான்ஸ் அவளே கொடுப்பா, அப்புறம் எல்லா முடிவையும் அவளே எடுப்பா, இவன் மூஞ்சி தூக்குவான். இவனுக்குக் குழந்தைக்கு இன்னும் நாலு வருஷம் டைம் வேணும், அவளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. நிச்சயத்துக்கு முன்னாடி இதை உட்கார்ந்து பேச நேரமில்ல, தேதி திருத்த மட்டும் நேரம் இருக்கு.

தம்பி, உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும். அவ இல்ல, தரகர் இல்ல, அத்தை இல்ல. ஜாதகம் கை மாறுறதுக்கு முன்னாடி, "அவ 93, என்னைவிட ரெண்டு வயசு பெரியவ"ன்னு வருஷத்தோட சொல்லு. ஒரு வாரம் அழுவாங்க, ரெண்டு வேளை சாப்பிட மாட்டாங்க. அதைச் சமாளிக்க முடியலைன்னா அந்தப் பொண்ணை இப்பவே விட்டுடு.