கிணற்றில் மாடு விழுந்தாலும் 101 வரும்

"தீயணைப்பு வண்டி தீக்கு மட்டும்தான், கிணத்துல விழுந்த மாட்டுக்கெல்லாம் வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பு, தயவுசெய்து நம்பாதீர்கள். 1908-ல் சென்னையில் தீயணைப்புப் படையாகத் தொடங்கியது உண்மைதான். ஆனால் இன்று அதன் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. உசிலம்பட்டி, மேலூர் பக்கம் தோட்டக் கிணறுகளில் இறங்குவது அவர்களுக்கு வாடிக்கையான வேலை. கயிறு மாட்டின் உடம்பை அறுத்துவிடாமல் இருக்க, தீயணைக்கும் பழைய தண்ணீர்க் குழாயை மாட்டின் வயிற்றடியில் கொடுத்துத் தூக்குவார்கள், அவ்வளவு பக்குவம். மாட்டைக் காப்பாற்ற நீங்களே குதிக்காதீர்கள். பாழுங்கிணறு என்றால் விஷவாயு இருக்கலாம். அதில் அடுத்தடுத்து இறங்கி ஆட்கள் செத்திருக்கிறார்கள். 101 அல்லது 112-க்கு அடித்து ஊர், தோட்டத்துக்கு வரும் பாதை, கிணற்றின் ஆழம், தண்ணீர் மட்டம் சொல்லுங்கள். ஒருவரை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள்.