அந்தக் காசு அவர்களுடையது

2016இல் ரொறன்ரோவில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிரிய அகதிக் குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ணினோம், அதாவது ஒரு வருடம் அவர்கள் செலவைப் பார்த்து இங்கே குடியேற உதவுவதாகப் பொறுப்பேற்றோம். வந்த மூன்றாம் மாதமே எங்களுக்குள் சண்டை. மாதாமாதம் நாங்கள் கொடுத்த காசில் அந்த மனிதர் லெபனானில் இருக்கிற தம்பிக்குக் கொஞ்சம் அனுப்பியிருக்கிறார். "இங்கே வாழத்தானே கொடுத்தோம்?" என்று குழுவில் ஒருவர் கொதித்துவிட்டார். இனிமேல் கணக்குக் கேட்க வேண்டும், ரசீது வாங்க வேண்டும் என்றெல்லாம் பேச்சுப் போனது.

முதலில் நான் வாய் திறக்கவில்லை. 1989இல் இந்த ஊருக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, முதல் சம்பளத்தில் பாதியை உண்டியல்காரரிடம் (வங்கி இல்லாமல் ஊருக்குக் காசு அனுப்பித் தருபவர்) கொடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினவன் நான், அந்த மாதம் வாடகைக்குக் கடன் வாங்கினேன். பின்னால் விட்டுவிட்டு வந்தவர்களை நினைத்தால் சோறு இறங்காது. அதைத்தான் கடைசியில் சொன்னேன். கொடுத்த பிறகு அது அவர்கள் காசு, சம்பளத்தை எங்கே செலவழித்தாய் என்று முதலாளி கேட்டால் நாம் விடுவோமா? கொதித்தவர் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. சரி, போகட்டும்.

கனடாவில் இந்த முறை 1979இலிருந்து ஓடுகிறது. 1979-80இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோரைக் கூப்பிட்டது தேவாலயங்களும் சாதாரணச் சனத்தின் குழுக்களும்தான். அகதிகளுக்குச் செய்த உதவிக்காக 1986இல் நான்சென் விருதை ஐநா கனடிய மக்களுக்கே கொடுத்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோது கிடைத்தது தடுப்புக்காவல். ஆகவே விருதைப் பற்றி யாராவது பெருமை பேசினால் இந்தக் கப்பல் கதையையும் சேர்த்தே சொல்வேன்.

உதவி என்றதும் நம் சனத்துக்கு உடுப்பு மூட்டைதான் ஞாபகம் வரும். எங்களுக்கும் கறுப்புப் பைகளில் வந்து குவிந்தது. பிள்ளைகளின் குளிர் கோட்டுகள் உதவின, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் அலுமாரியைக் காலி பண்ணின சாமான். ஒரு பையில் பனிச்சறுக்குச் சப்பாத்து, அதுவும் ஒற்றைக் கால்!

உண்மையில் அந்தக் குடும்பத்தை நிமிர்த்தியது குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். அந்தப் பெண்ணோடு இரண்டு கிழமை ஒரே பஸ்ஸில் ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தார். முதலில் பக்கத்து சீற்றில், பிறகு பின் சீற்றில், கடைசி நாள் தரிப்பிடத்தில் நின்று கை காட்டியதோடு சரி. மருத்துவ அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடப் பதிவு என்று ஒவ்வொரு வரிசையிலும் கூட நின்றார், ஆனால் கேட்ட கேள்விக்கு அவர்களைத்தான் பதில் சொல்ல விட்டார். மொழிபெயர்ப்புக்கு போன். அந்தப் பொறுமை எனக்கு வராது.

ஒப்பந்தம் 12 மாதம். பதின்மூன்றாம் மாதத்திலிருந்து அந்த வீட்டுப் போன் அழைப்புகள் குறைந்துபோயின. "எங்களை மறந்துவிட்டார்களே" என்று ஒருவர் மனவருத்தப்பட்டார், எனக்கென்றால் நிம்மதியாக இருந்தது.

இப்போது இன்னொரு குடும்பத்துக்காகக் குழு சேர்க்கிறோம். உடுப்பு வேண்டாம். வேலைநாளில் லீவு போட்டுப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போகக் கூடியவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.