சிவிட்டாவைக் கொன்றது மண்சரிவு மட்டும்தானா?

பனிமூட்டத்துக்கு மேலே ஒரு குன்று, அதன் உச்சியில் நெருக்கியடித்த கல்வீடுகள், அங்கே போக நடைபாலம் ஒன்றே ஒன்று. இந்தப் படத்தை யாராவது பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள், கூடவே 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்ற வரியும் வந்துவிடும். ரோமுக்கு வடக்கே உள்ள சிவிட்டா டி பன்யோரேஜோதான் அது. மண் அரிப்பு ஊரைத் தின்கிறது என்ற கதை பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை.

குன்றின் மேல்பகுதி எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பாறை, அடியில் களிமண். மழையும் பள்ளத்தாக்கு ஓடைகளும் களிமண்ணைக் கரைக்கக் கரைக்க, மேலே விளிம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அந்தப் பாறையைக் குடைந்துதான் வீடுகளுக்கு அடியில் ஒயின் நிலவறைகள், அதே கல்லில்தான் சுவர்களும், தெருப்பக்கமாக ஏறும் இடைக்கால வெளிப்படிக்கட்டுகளும். நுழைவாயிலில் இரண்டு கல் சிங்கங்கள், ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு மனிதத் தலை. (வரவேற்பு எப்படி!) உள்ளே போனால் ஒரு மாளிகையின் முகப்பு மட்டும் கம்பீரமாக நிற்கிறது, ஜன்னல் வழியே பார்த்தால் அறை இல்லை, வானம்தான் தெரியும். மிச்சக் கட்டடம் எப்போதோ பள்ளத்தில். கிறிஸ்தவத் துறவியும் இறையியலாளருமான புனித பொனவெந்தூரா பிறந்த வீடும் அப்படிப் போனதுதான்.

சரி, சரிவு ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்திலிருந்தே இருக்கிறது, ஆனாலும் மக்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் அங்கேதானே வாழ்ந்தார்கள்? 1695இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. அப்புறம் ஆயரும் (பிஷப்) நகராட்சியும் பக்கத்து பன்யோரேஜோவுக்கு மூட்டை கட்டிவிட்டார்கள், சிவிட்டாவின் சான் தொனாத்தோ ஆலயம் பேராலயம் என்ற தகுதியை இழந்தது. ஆபீஸும் அதிகாரமும் போன இடத்துக்குப் பின்னாலேயே பிழைப்பும் போகும், சனமும் போகும். இன்றைய பாலம் கட்டியது 1965இல். அதற்குள் ஊர் கிட்டத்தட்டக் காலி.

2013இல் உள்ளே போக ஒன்றரை யூரோ டிக்கெட் போட்டார்கள், பிறகு ஐந்து யூரோவாக ஏற்றினார்கள். கிராமத்துக்கு டிக்கெட்டா என்று சிலர் கொதிக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தமே இல்லை, பாறையைத் தாங்கிப்பிடிக்கக் காசு வேண்டாமா? எரிச்சல் வேறு இடத்தில். கூட்டம் லட்சக்கணக்கில் வருகிறது, நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் பத்துப் பேர். அந்த வசூலில் ஒரு பங்கை, அங்கேயே வந்து குடியிருக்கத் தயாரான குடும்பங்களுக்கு வாடகை உதவியாகக் கொடுத்துப் பார்க்கட்டும். ஹோட்டல் அறைகளாக மாறிய வீடுகளில் நாலைந்து வீட்டிலாவது மறுபடி அடுப்பு எரியுமே!