ஆயாக் கொட்டகை எங்கே போனது?

மார்ச் 8 வந்தாலும் சரி, நம் மலேசிய நாட்டு மகளிர் தினமான ஆகஸ்ட் 25 வந்தாலும் சரி, மேடைகளில் ஒரே பேச்சுதான். "அந்தக் காலத்தில் நம் பெண்கள் அடுப்படியே கதி என்று கிடந்தார்கள். இன்று படித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்." கைதட்டல், பொன்னாடை, அப்புறம் மீ கோரேங். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். மலாயாவில் நம் பெண்கள் எந்தக் காலத்தில் ஐயா வீட்டில் இருந்தார்கள்?

பினாங்கின் பெருநிலப் பகுதியில் நிபோங் திபால், பத்து காவான் பக்கம் இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். பாட்டி, பூட்டி எல்லோரும் இருட்டிலேயே எழுந்து பிரட்டுக்கு, அதாவது பேர் கொடுத்து வேலை வாங்கும் இடத்துக்குப் போய், ரப்பர் மரம் சீவி, தோளில் காவடிபோல் தொங்கும் காண்டா வாளியில் ரப்பர் பால் சுமந்தவர்கள்தான். 1920களில் இங்கே நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே தோட்டம், ஒரே வெயில், கூலியில் மட்டும் பத்துக் காசு கம்மி. படித்தவர்களுக்கும் இதே கதைதான். ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் சும்மா வந்துவிடவில்லை. 1960களில் ராசம்மா பூபாலன் போன்றவர்கள் ஆசிரியைகளுக்கென்று தனிச் சங்கம் வைத்துப் போராடி வாங்கினார்கள். பதினாறு வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர் அவர். கல்வி அதிகாரிகளைப் பார்த்தா பயப்படப் போகிறார்!

சரி, நான் சொல்ல வந்தது சம்பளம் இல்லை. அப்படி இருட்டில் மரம் சீவப் போனவர்கள் கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டுப் போனார்கள்?

ஆயாக் கொட்டகையில். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மரம் சீவ முடியாத வயதான பாட்டி ஒருவர்தான் பெரும்பாலும் ஆயா. உத்தரத்தில் வரிசையாகச் சாரோங் ஏணைகள் தொங்கும். ஒரு காலால் ஓர் ஏணையை ஆட்டிக்கொண்டே இன்னொரு பிள்ளைக்குப் பால் கலக்கிக் கொடுப்பார் என்று அம்மா சொல்வார். மூக்கு ஒழுகும், ஈ மொய்க்கும், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பத்துப் பிள்ளைக்கும் வரும். அதை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. வெள்ளைக்காரத் துரை இரக்கப்பட்டுக் கட்டியதும் இல்லை. தாய் வேலைக்கு வராவிட்டால் பால் வராது. அதனால் கட்டினான். தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொட்டகை வேண்டும் என்பது பிறகு சட்டத்திலும் ஏறியது.

1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் வந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் திறந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் 1985இல்தான் வந்தது. அதுவரை இக்கரைப் பெண்கள் பேருந்து, ஃபெரி, மறுபடி பேருந்து என்று ஷிஃப்டுக்குப் போனார்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த என் அம்மா தலைமுறை அது. அவர்கள் பிள்ளைகளை வளர்த்தது தோட்ட வேலையை விட்ட பாட்டிகளும் அக்கம்பக்கத்து வீடுகளும். இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை பெண்களை ஆலை வேலையில் வைக்கக் கூடாது என்ற விதி 2022 வரை வேலைச் சட்டத்தில் இருந்தது, தெரியுமா? விலக்கு வாங்கிக்கொண்டு இரவு ஷிஃப்டையே பெண்களை வைத்துத்தான் ஓட்டினார்கள்.

இப்போது எங்கள் தலைமுறைக்கும் எனக்கு அடுத்ததற்கும் வருவோம். பத்து காவானில் முன்பு கரும்பும் ரப்பரும் இருந்த மண்ணில் இன்று தொழிற்பேட்டை. நான் அந்தப் பக்கம் ஓர் ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ராஜினாமாக் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். ஆண்கள் எழுதுவது "வேறு வாய்ப்பு". முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண்கள் எழுதுவது "குடும்பக் காரணம்". கூப்பிட்டு உட்காரவைத்து, "என்னம்மா, நிஜமாகவே என்ன பிரச்சினை?" என்று கேட்டால் பாதிப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை அக்கா. இவர்கள் யார்? எஸ்.பி.எம். எனும் பள்ளி இறுதித் தேர்வில் கூடப் படித்த பையன்களைத் தாண்டி வந்தவர்கள். பொறியியல், கணக்கியல் பட்டதாரிகள். நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவிகள்தான் அதிகம். ஆனால் வேலை வயது ஆண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வேலைச் சந்தையில் இருக்க, பெண்களில் ஏறக்குறைய 56 விழுக்காடுதான். இருபத்தைந்து, முப்பது வயதில் உச்சத்துக்குப் போகும் பெண்களின் விழுக்காடு அதன்பின் இறங்கிக்கொண்டே போகிறது. விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்புவதில்லை.

"தாஸ்காவில் விட வேண்டியதுதானே?" என்பார்கள். தாஸ்கா என்றால் குழந்தைக் காப்பகம். விடலாம். எங்கள் ஆலையில் ஒரு பெண், பெயர் வேண்டாம். வீடு பிறை என்ற ஊரில். கைக்குழந்தைக்கு மாதம் 650 ரிங்கிட். மாலை ஆறரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், அதன்பின் பதினைந்து நிமிடத்துக்குப் பத்து ரிங்கிட் அபராதம். பத்து காவானிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ஜூருவில் நெரிசல். தினமும் ஐந்தே முக்காலுக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மேலாளர் கூட்டத்தை இழுத்தால் மேசைக்கு அடியில் காலால் காலணியைத் தேடிக்கொண்டிருப்பாள். கட்டுப்படியாகாமல் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டாள். ஆன்ட்டி தங்கமானவர், ஆனால் ரசீது தர மாட்டார். பதிவு பெற்ற தாஸ்காவுக்குக் கட்டினால்தான் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வரிக் கழிவு. அதுவும் போச்சு. நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகள் சேர்ந்தாலே 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால் ஆன்ட்டி நான்காவது பிள்ளையை எடுப்பதும் இல்லை.

அடுத்த அறிவுரை, "மாமியார் இருக்கிறாரே." இதில்தான் எனக்குக் கோபம். அந்த மாமியார் யார்? முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்து, சேமநிதிப் பணத்தை மகன் கல்யாணத்துக்கும் வீட்டு முன்பணத்துக்கும் கொடுத்துவிட்டு, முழங்கால் வலியோடு உட்கார்ந்திருப்பவர். அவர் ஓய்வை எடுத்துத்தான் மருமகள் வேலையைக் காப்பாற்றுகிறோம். பேரப்பிள்ளை மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று யார் சொன்னது? பாசம் இருப்பதால்தான் வாய் திறந்து முடியாது என்று சொல்வதில்லை.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. தகப்பனுக்கு ஏழு நாள். வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்டால் முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இந்த உரிமை ஆண்களுக்கும் உண்டு. என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் ஆண்களுடையதை விரல் விட்டு எண்ணலாம். "பெண்டாட்டி பார்த்துக்கொள்கிறாள் அக்கா" என்று சிரிப்பார்கள் தம்பிகள். அந்தப் பெண்டாட்டியின் கடிதம் வேறு ஏதோ ஆலையில் வேறு யாரோ ஒரு மனிதவள அதிகாரியின் மேசையில் இருக்கும்.

சரி, முதலாளியும் அரசாங்கமும் செய்யும்போது செய்யட்டும். நம்மிடம் என்ன இருக்கிறது? பினாங்கில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள். ஆலயங்களுக்குக் கணக்கே இல்லை. மண்டபங்கள் குளிர்சாதனம் போட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டிக் கிடக்கின்றன. பள்ளி மதியத்தோடு விட்டுவிடுகிறது. அதன்பின் வேன் அண்ணன் கொண்டுபோய் விடும் இடத்தைத் தேடித்தான் தாய்மார் அலைகிறார்கள். மண்டபத்தின் ஒரு மூலையைச் சமூகநலத் துறையில் பதிந்து தாஸ்காவாக்கலாம். சமையற்கட்டு இருக்கிறது, கழிவறை இருக்கிறது, நம் பெண்களில் குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளத்தோடு சேமநிதியும் சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதியும் கட்டுங்கள். தொண்டு என்று சொல்லி இன்னொரு பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்காதீர்கள். தீட்டு, சுத்தம் என்று யாராவது ஆரம்பித்தால், அதே மண்டபத்தில் நடக்கும் பிறந்தநாள் விருந்துகளின் படங்கள் என்னிடம் இருக்கின்றன.

எங்கள் ஊர் ஆலயத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம். தீர்மானத்தை எழுத்தில் கொடுத்தாகிவிட்டது. உறுப்பினர் பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்று செயலாளர் சொல்கிறார். ஆக, ஓட்டுப் போட வேண்டியவர்கள் அண்ணன்மார்தான். வீட்டில் பெண் பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார் அன்று காலை கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுங்கள்.